ஒரு டின் பி.ஓ.பி.யும் ஒரு பூச்சிய வழுவும்

பொய் சொல்ல எனக்கு வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஆனால் தெரியாத ஒன்றைத் தெரியும் என்று சொல்வதை நான் பொய்யில் சேர்ப்பதில்லை. இன்றைக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டால், நாளைக்கு எப்படியும் கற்றுக்கொள்ளத்தானே வேண்டும்? இந்தக் கொள்கையோடு நான் மோட்டார் சைக்கிள் ஓட்டியிருக்கிறேன். அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் ஒரு கிழவருக்காகச் சிங்களம் பேசியிருக்கிறேன். ஒரு கல்யாண வீட்டில் சாம்பார் வைத்திருக்கிறேன். மூன்றிலும் உயிர்ச்சேதம் இல்லை. (சாம்பாரில் கொஞ்சம் கிட்ட வந்தது.)

நான்காவது தடவை அளவுக் கருவி. அதைப் பற்றி எங்கள் வீட்டில் இன்றைக்கும் பேச்சு ஓயவில்லை.

அது சண்டை நின்றிருந்த சமாதான காலம். ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஃபெக்டரியில் நான் பயிற்சி உத்தியோகத்தனாக இருந்தேன். தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, உயர்தரம் படித்து, ஸ்டாஃப் வேலைக்கு வந்தவன். அம்மா அதே தோட்டத்தில் கொழுந்து எடுத்தாள். நான் கறுப்புக் கால்சட்டை போட்டுக்கொண்டு ஃபெக்டரிக்குள் நுழையும்போதெல்லாம் லயமே என்னைப் பார்ப்பதாக எனக்கு ஒரு நினைப்பு. லயம் பார்க்கவில்லை, அதற்கு வேறு வேலை இருந்தது.

ஃபெக்டரிக்குப் பெரியவர் டீமேக்கர் சுப்பையா ஐயா. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. வேலைக்கு வந்த நாளிலிருந்து தினமும் காலையில் தேநீரை உறிஞ்சி, வாயில் உருட்டி, தொட்டியில் துப்பிச் சோதித்தவர். துப்புவதற்கு முந்தின நொடியில் முகம் எப்படி இருக்குமோ அப்படியே அவருக்கு நிலைத்துவிட்டது. அவருடைய மகள் சாந்தினி தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஹட்டன் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் தொடங்கிய எங்கள் பழக்கம், ஒரு கட்டத்தில், "அப்பாகிட்ட நீங்களே வந்து கேளுங்க. என்னால முடியாது" என்று அவள் சொல்லுமிடத்துக்கு வந்து நின்றது.

போய்க் கேட்டேன். ஐயா கொழுந்து வாட்டுகிற தொட்டியில் கையை விட்டு இலையைப் பிசைந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடித்த பிறகும் பிசைந்துகொண்டுதான் இருந்தார்.

"மொதல்ல வேலைய நிரந்தரமாக்கிக்கங்க தம்பி. மத்தத அப்புறம் பேசலாம்" என்றார்.

திட்டவில்லை, விரட்டவில்லை. லயத்துப் பையன் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதுவே என் வாசலுக்குத் தேர் வந்த மாதிரி இருந்தது. இனி வேலை நிரந்தரமாக வேண்டும். அது தோட்டத்தை நடத்துகிற தொரையின் கையில் இருந்தது.

எங்கள் தொரை சிங்களவர், நல்ல மனிதர். காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில்தான் தமிழ் கற்றுக்கொண்டார். அதனால் அவருடைய தமிழில் வா, போ, செய், வெட்டு என்பவை மட்டுமே உண்டு. அவருக்கு ஒரேயொரு மனக்குறை. தோட்டத்து தொரைமார்கள் நுவரெலியாவில் ஒரு கிளப்பில் ஏர் ரைஃபிளால் குறி சுடும் போட்டி வைப்பார்கள். சண்டைக் காலத்தில் அந்த ரைஃபிள்கள் எல்லாம் பொலிஸில் கிடந்தன. சமாதானம் வந்ததும் அவற்றை வெளியே எடுத்தார்கள். எடுத்த நாளிலிருந்து பக்கத்துத் தோட்டத்து தொரைதான் ஜெயித்துக்கொண்டிருந்தார். எங்களவர் எப்போதும் நான்காவது.

அவுஸ்திரேலியாவில் இருந்த அவருடைய தம்பி இதற்கு ஒரு வைத்தியம் கண்டுபிடித்து அனுப்பிவைத்தார். ஒரு பெட்டி. ஏர் ரைஃபிளில் போடுகிற ஈய ரவை மிளகு அளவுதான் இருக்கும். இடுப்பு ஒடுங்கி, பின்பக்கம் பாவாடை மாதிரி விரிந்திருக்கும். ஒரே டப்பாவில் வந்தாலும் ஒன்று போல இன்னொன்று இருக்காது. அசல் சுடுகாரர்கள் ஒவ்வொரு ரவையையும் நிறுத்து, தலையின் அகலத்தை அளந்து, ஒரே மாதிரியானவற்றைத் தனியாக எடுத்து வைப்பார்களாம். அவற்றைக் கொண்டு சுட்டால் போன ஓட்டையிலேயே அடுத்ததும் போகுமாம். அதற்கான தராசும் கருவிகளும்தான் பெட்டியில் இருந்தன.

தொரை பெட்டியோடு ஃபெக்டரிக்கு வந்து, இது யாருக்குத் தெரியும் என்று கேட்டார். ஃபிட்டர் தரையைப் பார்த்தார். டீமேக்கர் ஐயா கூரையைப் பார்த்தார். நான் சாந்தினியை நினைத்துக்கொண்டேன்.

"தெரியும் சேர்" என்றேன்.

முழுக்கத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. ரவையின் அகலம் அளக்கிற கருவிக்கு உயர்தரப் பௌதிகவியலில் நுண்மானித் திருகுக் கணிச்சி என்று பெயர். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு மூச்சு முடிந்துவிடும். படம் வரைந்து பாகங்களைக் குறிப்பேன், புள்ளியும் வாங்குவேன். நான் படித்த பள்ளிக்கூடத்தில் அந்தக் கருவி ஒன்று இருந்ததாகவும், அது இருந்த அலுமாரியின் சாவி மாற்றலாகிப்போன ஒரு மாஸ்டரோடு போய்விட்டதாகவும் கேள்வி. நான் அதை முதன்முதலாகக் கையில் தொட்டது தொரை பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான்.

நல்ல காலமாகப் பாடத்தில் ஒரு வரி ஞாபகத்தில் இருந்தது. பூச்சிய வழு. எதையும் அளப்பதற்கு முன் கருவியின் வாயை மூடி, அது பூச்சியம் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். காட்டாவிட்டால் அந்தப் பிழை அளக்கிற எல்லாவற்றிலும் ஏறி உட்கார்ந்துகொள்ளும். நான் கருவியை மெதுவாக மூடி, ஒரு கண்ணைச் சுருக்கி, "பூச்சிய வழு இல்லை சேர்" என்றேன். தொரைக்கு அது விளங்கவில்லை. விளங்காததால் என்மேல் மரியாதை கூடியது.

வேலை தொடங்கிய பிறகுதான் ஃபெக்டரிக்கும் இந்தத் தராசுக்கும் ஒத்துவராது என்று தெரிந்தது. அது சிகரெட் பெட்டி அளவு தராசு. மேசையில் கொசு உட்கார்ந்தாலும் கணக்கில் எடுக்கும். ரோலர் மெஷின் ஓடினால் எண்கள் ஆடின. காற்றாடி சுழன்றால் ஆடின. ஆட்டமும் காற்றும் இல்லாத இடம் ஃபெக்டரியில் ஒன்றுதான்: சாம்பிள் ரூம். தேயிலையை ருசி பார்க்கிற அறை. ஒரு பக்கம் வெள்ளைக் கோப்பைகள், ஜன்னலோரத் தட்டில் வரிசையாகத் தகர டின்கள். வாரா வாரம் ஒவ்வொரு தரத்திலும் ஒரு டின் தேயிலையை நிரப்பி, லொறியில் கொழும்புத் தரகர்களுக்கு அனுப்புவார்கள். அதைப் பார்த்துத்தான் ஏலத்தில் விலை. இந்த வேலைக்குப் பெருமாள் அண்ணன் பொறுப்பு. எங்கள் லயத்துக்காரர்.

நான் அங்கே குடியேறினேன். அங்கேயும் ஒரு சிக்கல். மூச்சு விட்டால் தராசு ஆடியது. ஆகவே ஒவ்வொரு ரவையையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிறுத்தேன். ஒருநாள் டீமேக்கர் ஐயா கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்திருக்கிறார். உள்ளே நான் முகம் சிவந்து, கண் பிதுங்கி, அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன். அவர் பெருமாள் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, இந்தத் தம்பி குடும்பத்தில் யாருக்காவது இழுப்பு நோய் உண்டா என்று விசாரித்தாராம். பெருமாள் அண்ணன் யோசித்து, தாத்தாவுக்கு இருந்தது என்று உண்மையைச் சொல்லிவிட்டார். என் கல்யாணத்துக்கு விழுந்த முதல் அடி அது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நிறுத்த ரவைகளை எதில் போடுவது? அங்கே இருந்தவை சாம்பிள் டின்கள்தான். எதை எடுத்தாலும் தரம் பிரித்துப் பெயர் வைக்காவிட்டால் தேயிலை ஃபெக்டரிக்காரனுக்குச் சோறு இறங்காது. முதல்தர ரவைகளுக்கு பி.ஓ.பி. என்று தேயிலையில் நல்ல தரத்துக்கு ஒட்டுகிற லேபிளையே ஒட்டினேன். பாவாடை நசுங்கினவை கடைசித் தரமான டஸ்ட். தொரை வந்து பார்த்துவிட்டு, "பி.ஓ.பி.!" என்று தன் தொடையில் தட்டிக்கொண்டார். அன்றைக்கு மட்டும் அவர் தமிழில் ஏவல் இல்லை.

ரவைகள் உருண்டு நசுங்கக் கூடாது என்று டின்னுக்குள் பஞ்சு வைத்தேன். ஈரம் படக் கூடாது என்று மூடியைச் சுற்றி டேப் ஒட்டினேன். பெருமாள் அண்ணன் ஆசையாக ஒருநாள் அதைத் திறந்து பார்க்கப்போக, எனக்கு எங்கிருந்தோ ஒரு அதிகாரம் வந்துவிட்டது. மூடின டின்னைத் திறந்தால் உள்ளே ஈரக்காற்று போகும், எடை மாறும், மூடினது மூடினதுதான், எந்த டின்னாக இருந்தாலும் டேப் ஒட்டியிருந்தால் கை வைக்கக் கூடாது என்று ஒரு பிரசங்கம் வைத்தேன். என்னைத் தூக்கி வளர்த்த மனிதர். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

கேட்டதை அப்படியே ஐயாவிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். ஐயா வந்து என் டின்னைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். தேயிலைக்கும் ஈரம்தான் எதிரி, இனிமேல் எல்லா சாம்பிள் டின்னுக்கும் இதே மாதிரி டேப் ஒட்டுங்கள் என்று உத்தரவு போட்டார். ஃபெக்டரியில் நான் கொண்டுவந்த முதல் சீர்திருத்தம். அந்த வாரம் முழுவதும் நான் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடந்தேன்.

இனி நடந்ததைச் சொல்ல அதிகம் இல்லை. ஜன்னலோரத் தட்டில் இரண்டு டின்கள் இருந்தன. இரண்டிலும் பி.ஓ.பி. லேபிள், இரண்டிலும் டேப். ஒன்றில் தேயிலை, இன்னொன்றில் ஈயம். பஞ்சு வைத்ததால் ஆட்டினாலும் சத்தம் வராது. எடை கூடக் கிட்டத்தட்ட ஒன்றுதான். லொறி வந்தபோது நான் மேல் மாடியில் இருந்தேன். பெருமாள் அண்ணன் ஒன்றை எடுத்து அனுப்பினார். திறந்து பார்க்கவில்லை, திறக்கக் கூடாது என்று நான்தான் சொல்லியிருந்தேனே.

அந்த லொறி கொழும்பு போய்ச் சேரும்வரை வழியில் யாரும் நிறுத்திச் சோதிக்கவில்லை. ஒரு தமிழ் டிரைவர், தேயிலை என்று எழுதிய டின், உள்ளே ஈய ரவை. சமாதானம் என்று ஒன்று அன்றைக்கு இருந்ததற்காக நான் இன்றைக்கும் சாமி கும்பிடுகிறேன்.

போட்டிக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமை மிச்சமிருந்த டின்னை எடுத்துக்கொண்டேன். கையில் தூக்கிப் பார்த்து, எடை சரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். (அப்போது என் கையே தராசாகிவிட்டதாக ஒரு எண்ணம் இருந்தது.) கிளப்பில் அன்றைக்குக் குடிக்கக் கொடுப்பது எங்கள் ஃபெக்டரித் தேயிலை என்பதால் டீமேக்கர் ஐயாவும் ஜீப்பில் வந்தார். பின்சீட்டில் அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் ரைஃபிள். இன்றைக்கு நல்லபடியாக நடந்தால் நாளைக்கே உன் நிரந்தரக் கடிதம் என்று முன்சீட்டிலிருந்து தொரை சொன்னார். நான் ஐயாவைப் பார்த்தேன். நானுஓயா தாண்டும்வரை அவர் ரைஃபிளைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"தம்பிக்கு இழுப்பு இருக்கா?" என்றார் பிறகு.

"இல்லைங்க ஐயா."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி மூடுபனியைப் பார்க்கத் தொடங்கினார்.

கிளப் புல்வெளியில் தொரைமார்களும் அவர்கள் வீட்டு நோனாமார்களும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்துத் தோட்டத்து தொரை தடித்த ஆள். கால்சட்டைப் பையிலிருந்து ரவைகளை அள்ளி எடுத்தார், கூடவே ஒரு டொஃபியும் வந்தது. டொஃபியை வாயில் போட்டுக்கொண்டு, ரவையை ரைஃபிளில் போட்டுக்கொண்டு, சுட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தார். எங்கள் தொரை அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் இரக்கம் இருந்தது. தன் முறை வந்ததும் எழுந்து, ஒவ்வொரு ரவையும் மில்லிகிராம் சுத்தமாக நிறுக்கப்பட்டது, நிறுத்தவர் இவர் என்று எல்லோருக்கும் என்னை அறிமுகப்படுத்தினார். என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். நான் பேசினேன், பூச்சிய வழுவைப் பற்றி. கருவியைச் சோதிக்காமல் அளக்கிறவன் எப்படிப்பட்ட முட்டாள் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளக்கினேன். யாரோ கை தட்டினார்கள்.

டேப்பை அறுத்து, மூடியைத் திறந்து, டின்னை அவர் கைக்கெட்டும் தூரத்தில் நீட்டிப் பிடித்தேன். அவர் கண் குறிப்பலகையில் இருந்தது, என் கண் அவர் முகத்தில் இருந்தது. டின்னைப் பார்க்க ஆள் இல்லை.

தொரை விரலை உள்ளே விட்டு, எடுத்து, ரைஃபிளுக்குள் வைத்து அழுத்தினார். போகவில்லை. மறுபடி எடுத்து அழுத்தினார். பிறகு இரண்டு விரலையும் தேய்த்துப் பார்த்தார். தேயிலைத் தோட்டத்தில் வாழ்ந்த மனிதர், கை தானாக மூக்குக்குப் போய்விட்டது.

பக்கத்துத் தோட்டத்து தொரை எழுந்து வந்தார். டின்னிலிருந்து கொஞ்சம் அள்ளி உள்ளங்கையில் கொட்டி, வாயால் ஊதிச் சூடாக்கி, முகர்ந்து பார்த்து, இலை நன்றாக முறுக்கியிருக்கிறது என்று மனதாரப் பாராட்டினார்.

எங்கள் தொரை என்னைப் பார்த்தார். "இது என்ன?" என்றார்.

என் கண்ணுக்கு நேராக லேபிள் இருந்தது. அந்த நிமிஷம் என் தலைக்குள் வேறு எதுவும் இருக்கவில்லை.

"பி.ஓ.பி. சேர்" என்றேன்.

அன்றைக்கு அந்த மைதானத்தில் யாரும் அதைவிடத் துல்லியமாக ஒரு பதில் சொல்லியிருக்க முடியாது.

பக்கத்துத் தோட்டத்து தொரைதான் தன் பையிலிருந்து ஒரு பிடி ரவை கொடுத்து உதவினார். அதில் டொஃபிப் பசை வேறு ஒட்டியிருந்தது. அதைத் துடைக்காமலே போட்டுச் சுட்ட எங்கள் தொரை, வாழ்க்கையில் முதல் தடவையாக இரண்டாவதாக வந்தார். நான்காவதாக வந்திருந்தால் என்னை மன்னித்திருப்பார் என்றுதான் நான் நம்புகிறேன். திரும்பி வரும்போது ஜீப்பில் டீமேக்கர் ஐயா ஒரு தடவை கையை நீட்டி, என் மடியில் திறந்து கிடந்த டின்னை மூடினார். ஈரம் படுமே.

மறுநாள் விளக்கம் சொல்ல ஐயாவின் அறைக்குப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் டெலிபோன் அடித்தது. கொழும்பிலிருந்து தரகர்கள். ஐயா "ம்" என்றார். கொஞ்சம் கழித்து இன்னொரு "ம்". ரிசீவரை வைத்துவிட்டு, வாரா வாரம் கொழும்பு ருசி பார்த்துச் சொல்வதை எங்களுக்கு எடுத்துச் சொல்கிற அதே குரலில் சொன்னார்:

"எல கறுப்பா இருக்காம். நல்ல கனமாம். ஒரே சீரா இருக்காம். தண்டு, நாரு ஒண்ணுகூட இல்லையாம். கொதிதண்ணி ஊத்தணுமான்னு கேக்குறாங்க."

சொல்லிவிட்டு எழுந்து போனார். வெளியே மழை. குடையை எடுக்கவில்லை. அவர் குவாட்டர்ஸ் பக்கம் வேகமாக நடப்பதை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன். எல்லாம் முடிந்தது என்று மகளிடம் சொல்லத்தான் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் அழுதேன். சாம்பிள் ரூமில் உட்கார்ந்து, வெள்ளைக் கோப்பைகளுக்கு முன்னால், மூச்சை அடக்காமல் அழுதேன்.

சாம்பிள் போகாததால் அந்த வாரத்து பி.ஓ.பி. ஏலத்துக்கு வரவில்லை. என் கடிதமும் வரவில்லை. அதற்குப் பதிலாக மலையில் கொழுந்து நிறுக்கிற வேலை வந்தது. உனக்கு நிறுக்கப் பிடிக்கும்தானே, போ, நிறு என்றார் தொரை. கொழுந்து மடுவக் கொட்டகையில் தராசு தொங்கும். பெண்கள் வரிசையாக நிற்பார்கள். கதை எனக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. இன்னொரு பிழை வந்துவிடுமோ என்ற பயத்தில் நான் ஒவ்வொரு சாக்கையும் முள் முழுக்க நிற்கும்வரை பார்த்துத்தான் எழுதினேன். என் கையில் மாட்டிய கொழுந்தை ஃபெக்டரியில் தனியாக வாட்ட வேண்டியிருக்காது, வரிசையிலேயே வாடிவிடும் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். அம்மாவும் அந்த வரிசையில்தான் நின்றாள்.

"மூச்ச விட்டுட்டே நிறுப்பா. கொழுந்து ஒண்ணும் பறந்து போயிறாது" என்றாள். மடுவமே சிரித்தது. நானும் சிரித்தேன் என்று சொல்ல ஆசைதான்.

அடுத்த வருஷம் கடிதம் வந்தது. பஸ்ஸில் சாந்தினி எப்போதும் போலப் பேசினாள், வீட்டைப் பற்றிக் கேட்டால் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். ஐயாவிடம் போய்க் கேட்கிற துணிச்சல் எனக்கு வரவில்லை. அந்த நிலையில்தான் ஒருநாள் பெருமாள் அண்ணன் வந்து, ஞாயிற்றுக்கிழமை அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு குவாட்டர்ஸுக்கு வரும்படி ஐயா சொன்னார் என்றார். எதற்கு என்று கேட்டேன். "டேப் ஒட்டியிருக்கு. நான் தொறந்து பாக்கல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அம்மா பெட்டியின் அடியிலிருந்து கல்யாணப் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். டீமேக்கர் வீட்டு நாற்காலியில் அப்பா நுனியில் உட்கார்ந்தார். சாந்தினி தட்டில் தேத்தண்ணி கொண்டுவந்தாள். நான் கோப்பையை எடுத்து, குடிக்காமல் உள்ளே எட்டிப் பார்த்தேன். ஐயா முகம் மாறாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டின்ன தொறந்து பாத்துட்டுத்தான் போட்டாங்க. பயப்படாம குடிங்க மாப்புள" என்றார்.

மாப்பிள்ளை என்ற வார்த்தை காதில் விழுந்து, உள்ளே போய், எனக்கு விளங்குவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதற்குள் அப்பா தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டார்.

அந்த மழை நாளில் நடந்ததைக் கல்யாணத்துக்குப் பிறகுதான் சாந்தினி சொன்னாள். குடையில்லாமல் நனைந்து வந்தவர் நேராகக் குசினிக்குள் போய் அடுப்புப் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்தாராம். தோள் குலுங்கியதாம். யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து இவள் பக்கத்தில் ஓடியிருக்கிறாள். மனிதர் சிரித்துக்கொண்டிருந்தாராம். அப்பா சிரிப்பதை அவள் பார்த்தது அன்றைக்குத்தானாம். என்ன விஷயம் என்று கேட்டதற்குச் சொல்லத் தொடங்கி, கொதிதண்ணி என்ற இடத்துக்கு வந்ததும் முடியாமல் மறுபடி சிரிக்க, மாமி வந்து நெஞ்சைத் தடவிவிட வேண்டியிருந்ததாம். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தத் தம்பியையே உனக்குப் பார்க்கலாம், நானே கூப்பிடும்வரை அவரிடம் மூச்சு விடாதே என்று சொல்லிவிட்டாராம். அப்படியானால் ஏன் ஒரு வருஷம் என்னைக் காய விட்டீர்கள் என்று நான் மாமாவிடமே கேட்டேன். நிரந்தரமாகட்டும் என்றுதானே சொன்னேன் என்றார். சொன்ன அளவிலிருந்து ஒரு மில்லிகிராம் மாறாத மனிதர்.

கொழும்பிலிருந்து திரும்பி வந்த அந்த டின் இப்போது எங்கள் வீட்டுக் குசினியில் இருக்கிறது, லேபிளோடு. ரவைகளைத் தொரை எடுத்துக்கொண்டார், டின்னை வேண்டாம் என்றுவிட்டார். மாமா ஓய்வு பெற்று எங்களோடுதான் இருக்கிறார். வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும், தேத்தண்ணி வந்ததும் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கிவிடுவார். எல கறுப்பா இருக்காம், கனமாம், சீரா இருக்காம். முகம் துளியும் அசையாது. தண்டு, நாரு என்ற இடத்தில் தோள் குலுங்க ஆரம்பிக்கும். அதற்கு மேல் அவருக்குப் போகவே போகாது. இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது அவர் அந்தக் கதையைச் சொல்லி முடித்ததில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு கையை என் பக்கம் நீட்டுவார். வந்தவர்கள் என்னைப் பார்ப்பார்கள்.

நான்தான் சொல்லி முடிக்க வேண்டும்: "கொதிதண்ணி ஊத்தணுமான்னு கேட்டாங்க."